பாப்பாவின் பிறந்தநாள் கேக்குக்கு

அன்புள்ள கண்ணம்மாவுக்கு,

அம்மா எழுதுவது. பாப்பாவின் பிறந்தநாளுக்கு நீயே கேக் செய்யப்போகிறாய் என்று கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. "ஸ்பாஞ்ச் நல்லா வருதும்மா, மேல அலங்காரம்தான் வரல, பேசாம கடையில ஆர்டர் கொடுத்துடட்டுமா"ன்னு கேட்டாயே, வேண்டாம். பட்டர்கிரீம் பதமாக இருந்தால் ஒரு ஸ்பூனை வைத்தே கேக்கை அழகாக்கிவிடலாம். பதம் தப்பினால், பூப்பூவாகப் பிழிய பை நுனியில் மாட்டுகிற நாசில் எத்தனை வைத்திருந்தாலும் பூ நிற்காது. போனில் சொன்னால் பாதி மறந்துபோகும் என்றுதான் எழுதுகிறேன்.

ஏழு அங்குலக் கேக்குக்கு வேண்டிய கிரீமுக்கு 250 கிராம் வெண்ணெய், மாவாகப் பொடித்த ஐசிங் சுகர் 500 கிராம், இரண்டு மேசைக்கரண்டி பால் போதும். உப்பில்லாத வெண்ணெயாகப் பார்த்து வாங்கு. விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும். எண்ணெய் கசிந்து பளபளக்கக் கூடாது. முதலில் வெண்ணெயை மட்டும் நிறம் வெளுக்கும்வரை ஐந்து நிமிடம் அடித்துவிட்டு, சலித்த சர்க்கரையை நாலைந்து தவணையாகச் சேர், பாலையும் விட்டு அடி. சலிக்காமல் போட்டால் கட்டி போய் நாசிலை அடைத்துக்கொள்ளும். கடைசியில் அடிக்கிற பீட்டர் மெஷினை ஓரமாக வைத்துவிட்டு, கரண்டியால் பாத்திரத்தின் ஓரத்தோடு அழுத்தித் தேய்த்து இரண்டு நிமிடம் கிளறு. உள்ளே இருக்கிற காற்றுக் குமிழ் உடைந்தால்தான் பூசும்போது குழி குழியாக வராது.

வெண்ணெய் 32 டிகிரியைத் தாண்டினாலே உருகத் தொடங்கிவிடும். மதுரை வெயிலில் நான் ஏசியைப் போடாமல் கிரீமைத் தொடுவதில்லை. பெங்களூரில் உனக்கு அந்தக் கஷ்டம் இருக்காது. ஆனால் கிரீமைப் பிழிகிற பைப்பிங் பேக்கைப் பிடிக்கும் உள்ளங்கைச் சூடே கிரீமை இளக்கிவிடும். அதனால் பையைப் பாதி மட்டும் நிரப்பு. தொளதொளவென்று வந்தால் பத்து நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்துத் திரும்ப அடித்துக்கொள். இன்னும் சர்க்கரையைக் கொட்டாதே, தித்திப்பு தாங்காது.

கேக் முழுக்க ஆறின பிறகு கிரீமை மெல்லிசாக ஒரு பூச்சு பூசி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வை. உதிர்கிற தூளெல்லாம் அதிலேயே ஒட்டிக்கொள்ளும், மேல் பூச்சு சுத்தமாக வரும். இதை மட்டும் அவசரத்தில் விட்டுவிடாதே.

மேல் பூச்சைக் கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கப் பாடுபட வேண்டாம். அதற்குக் கேக்கை வைத்துச் சுற்றுகிற நல்ல டர்ன்டேபிளும் பல நாள் பழக்கமும் வேண்டும். கோடும் மேடும் விட்டுவிட்டால் அதுவே அலங்காரமாகிவிடும். தோசைக்கல்லில் மாவை நடுவிலிருந்து வட்டமாகத் தேய்ப்பாயே, அதே கைதான்: ஸ்பூனின் முதுகைக் கேக்கின் நடுவில் வைத்து, தட்டை மெதுவாகச் சுற்றிக்கொண்டே ஸ்பூனை ஓரத்துக்குக் கொண்டுவா. நத்தை ஓடு போல சுழி விழும். கேக்கின் பக்கவாட்டில் கீழிருந்து மேலாக ஸ்பூனை இழுத்துவிட்டால் போதும். முள்கரண்டியால் கோடு இழுத்தாலும் சரிதான்.

இன்னும் கொஞ்சம் பொறுமை இருந்தால் இதழ் வேலையைச் செய்துபார், எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். பைப்பிங் பேக்கின் நுனியைச் சுண்டுவிரல் போகிற அளவுக்கு வெட்டிக்கொள், நாசில் வேண்டாம். கேக்கின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாக ஒரே அளவில் ஐந்தாறு பொட்டு வை. சின்ன ஸ்பூனின் நுனியை ஒவ்வொரு பொட்டின் நடுவிலும் அழுத்தி வலப்பக்கமாக இழு. பொட்டு இதழாகிவிடும். அடுத்த வரிசைப் பொட்டை அந்த வாலின் மேலேயே வை. ஒவ்வொரு இழுப்புக்கும் ஸ்பூனைத் துடைத்துவிடு, இல்லையென்றால் ஓரம் பிசிறடிக்கும். சுற்றி வந்து கடைசி வரிசையை இழுக்காமல் பொட்டாகவே விட்டு, அந்தப் பக்கத்தைச் சுவரைப் பார்க்க வைத்துவிடு. வரிசைக்கு வரிசை நிறத்தை லேசாக மாற்றினால் கண்ணை எடுக்க முடியாது.

பாப்பாவுக்கு ரோஸ் கலர்தான் வேண்டும் என்றாய். வெண்ணெயின் மஞ்சள் சேர்ந்து ரோஸ் கொஞ்சம் பீச் பழ நிறமாகத் திரும்பும், நீலம் பச்சையாகும். பல்குத்தும் குச்சி நுனியில் துளி வயலெட் தொட்டு முதலில் கிரீமில் கலந்தால் மஞ்சள் அடங்கும். தண்ணீர்க் கலர் வேண்டாம், கிரீம் திரிந்துபோகும். ஜெல் கலர் போடு. நேரம் ஆக ஆக நிறம் ஏறும், அதனால் உனக்கு வேண்டியதைவிட ஒரு படி வெளிறலாகவே நிறுத்திக்கொள்.

நிஜப் பூ வைக்கலாமா என்று மாப்பிள்ளை கேட்டாராமே. கேக்கில் அரளியும் நித்தியகல்யாணியும் பக்கத்தில்கூட வரக் கூடாது, இரண்டும் விஷம். மார்க்கெட் ரோஜாவில் மருந்து அடித்திருப்பார்கள். மருந்து படாத வீட்டு ரோஜா கிடைத்தால் கழுவித் துடைத்து இதழை மட்டும் வை. அழகு என்று பார்த்து எதையும் குழந்தை வாயில் போகிற இடத்தில் வைக்காதே.

பேர் எழுதுவதென்றால் முதலில் பல்குத்தும் குச்சியால் கேக்கின் மேல் லேசாக எழுதிப் பார். கோணினால் ஸ்பூனால் தடவி மறுபடி எழுதலாம். சுழி சரியாக வந்த பிறகு அந்தக் கோட்டின் மேலேயே கிரீமை விடு.

முந்தின நாள் ராத்திரியே எல்லாம் முடித்து மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிடு. வெட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் வெளியே எடு, இல்லையென்றால் கிரீம் கட்டி வெண்ணெயாக வாயில் ஒட்டும். மிஞ்சின கிரீமை டப்பாவில் போட்டு ஃபிரீசரில் வை, அடுத்த மாதமும் உதவும்.

என்னிடம் இருக்கிற ரோஸ், வயலெட் ஜெல் கலரையும் பைப்பிங் பேக்கையும் வியாழக்கிழமை உன் கொழுந்தனார் வரும்போது கொடுத்துவிடுகிறேன். வாங்கிக் காசைக் கரைக்காதே.

அன்புடன்,
அம்மா