மண்ணிலும் கீரையிலும் குரோமியம் பரிசோதிக்கக் கோரி மனு

அனுப்புநர்:
பாலாற்றங்கரை விவசாயிகள்,
ராணிப்பேட்டை மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
ராணிப்பேட்டை.

பொருள்: குரோமியம் கலந்த விளைநிலங்களில் மண் பரிசோதனையும் பயிர் ஆலோசனையும் வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

வணக்கம். தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீரில் வரும் குரோமியம் என்ற உலோகம் எங்கள் விளைநிலங்களில் கலந்துள்ளது. இந்த ஆலைகள் உள்ள பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் நிலம் ஓரளவோ முழுவதுமோ சாகுபடிக்கு உதவாமல் போனதை உச்ச நீதிமன்றம் 1996ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே குறிப்பிட்டது. நஷ்டஈடு பற்றிய வழக்கும் பேச்சும் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்த நிலத்தில் இன்றும் உழுகிறோம். இந்தப் பட்டத்தில் எதை விதைக்கலாம் என்பதுதான் எங்கள் கேள்வி.

மண்ணைப் பரிசோதித்து அரசு தரும் மண்வள அட்டையில் 12 விவரங்கள் வருகின்றன. துத்தநாகம், இரும்பு, தாமிரம் எல்லாம் உண்டு, குரோமியம் இல்லை. எங்களுக்கு வேண்டியதே அதுதான். மொத்தக் குரோமியத்தை மட்டும் அளந்தாலும் போதாது. நீரில் எளிதாகக் கரைந்து நகரும், நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தனியே அளக்க வேண்டும். மண்ணோடு கிணற்று நீரையும், அறுவடையான கீரையையும் சர்வே எண் வாரியாகப் பரிசோதிக்க வேண்டுகிறோம். முடிவை அந்தந்த விவசாயியிடம் மட்டும் கொடுங்கள். ஊர்ப் பெயர் வெளியே வந்தால் சந்தையில் நல்ல காய்க்கும் விலை கிடைக்காது.

சுண்ணாம்பு போடுங்கள் என்று சிலர் சொல்கிறார்கள். காட்மியம் என்ற வேறொரு நச்சு உலோகத்துக்கு அது சரி. ஆனால் சுண்ணாம்பால் மண்ணின் காரத்தன்மை கூடினால் ஆறு இணைதிறன் குரோமியம் இன்னும் எளிதாக நகரும். இங்கே உதவுவது தொழு உரமும் தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரமும். மட்கிய பொருள் அந்தக் குரோமியத்தை அதிகம் கரையாத மூன்று இணைதிறன் வடிவத்துக்கு மாற்றி மண்ணிலேயே பிடித்து வைக்கும். பயிர் அதை உறிஞ்சுவது குறையும். கழிவுநீர்ச் சேற்றில் செய்த உரம் மட்டும் வேண்டவே வேண்டாம், அதிலேயே உலோகம் இருக்கலாம். கெட்ட கிணற்று நீரையே தொடர்ந்து பாய்ச்சினால் எந்த உரமும் பயன்படாது என்பதும் எங்களுக்குத் தெரியும்.

எனவே விரிஞ்சிபுரம் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் துணையோடு, எங்கள் வயல்களிலேயே சோதனைத் திடல் அமைத்துத் தர வேண்டும். தக்கைப்பூண்டு விதையை மானியத்தில் வழங்க வேண்டும். அதிகம் கெட்ட நிலங்களில் கீரை, முள்ளங்கிக்குப் பதிலாகப் பூச்செடி போட விரும்புவோருக்கு நாற்றும், நல்ல தண்ணீருக்கு வழியும் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாலாற்றங்கரை விவசாயிகள்