உதவித்தொகையில் காலம் தள்ளியவன் எழுதுகிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழ்த் தலையங்கத்தில், முனைவர் பட்ட மாணவர்கள் அரசு உதவித்தொகையில் ஆண்டுக்கணக்கில் காலம் தள்ளுவதாக எழுதியிருந்தீர்கள். வீட்டில் சத்தமாக வாசித்தேன். "அந்தப் பணத்தை எங்கே ஒளித்து வைத்தீர்கள்?" என்று கேட்டாள் மனைவி.

தாங்கள் சொல்லும் அரசு உதவித்தொகை ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை), 2023இலிருந்து மாதத்துக்கு 37,000 ரூபாய். கல்லூரி ஆசிரியர் தகுதித் தேர்வான நெட் தேறுகிற எல்லோருக்கும் அது கிடைக்காது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. நான் நெட் மட்டும் தேறியவன். தனியார் கல்லூரியில் 9,000 ரூபாய்க்குப் பாடம் எடுத்துக்கொண்டே ஆறு வருடம் பகுதிநேரமாக ஆய்வு செய்தேன். வயல் பாட்டுகள்தான் தலைப்பு. பாடிய பாட்டிகளுக்கு வெற்றிலை வாங்கிக் கொடுத்ததும் என் காசுதான்.

ஆய்விதழில் ஒரு கட்டுரையாவது வந்திருக்க வேண்டும் என்று அப்போது விதி. 2,500 ரூபாய் கட்டினேன், வந்தது. தலைப்பில் 'வாய்மொழி' என்பதை 'வாய்மொளி' ஆக்கியிருந்தார்கள். 2022இல் அந்த விதியையே பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) எடுத்துவிட்டது. சரி, என் 2,500 போனது போனதுதான். நெறியாளர் வீட்டுக் கல்யாணத்தில் பந்தி பரிமாறியதை இதில் சேர்க்கவில்லை. அது ஆய்வில் வராது என்றுதான் நினைக்கிறேன்.

வாய்மொழித் தேர்வன்று நாற்பது பேருக்குச் சாப்பாடு, தேர்வாளருக்குக் கார், சால்வை. அவர் பார்த்த பிரதியை அப்புறம் எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் இயலில் பைண்டிங் பசை பட்டு ஒட்டிக்கொண்ட இரண்டு பக்கங்கள் ஒட்டியபடியே இருந்தன. "மிக ஆழமான ஆய்வு" என்று பாராட்டினார், பாவம்.

இப்போது அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். மாதம் 25,000, அதுவும் பதினோரு மாதத்துக்கு. மே மாதம் கௌரவம் மட்டும். மாதம் 50,000 வரை தரலாம் என்று 2019இலேயே யுஜிசி சொல்லிவிட்டது. அதைப் பற்றித் தாங்கள் தலையங்கம் எழுதியதாக நினைவில்லை, நான்தான் தவறவிட்டிருப்பேன். முதுகலை மாணவி ஒருத்தி, "சார், பிஎச்.டி. சேரலாமா?" என்று போன வாரம் கேட்டாள். மணி அடித்துவிட்டது, தப்பித்தேன்.

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. ஆய்வு மாணவர்கள் எல்லோரும் உதவித்தொகை பெறுகிறவர்கள் அல்ல என்று அடுத்த இதழில் ஒரு வரி திருத்தம் போடுங்கள், போதும். என் பெயரைப் போட வேண்டாம். ஜூனில் மறுபடி பணி ஆணை வர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு கௌரவ விரிவுரையாளர்,
திருநெல்வேலி மாவட்டம்