இரட்டையருக்கே பொருந்தாத ஜோசியம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 'எச்சில் கொடுத்தால் போதும், முடக்குவாதம் வருமா வராதா என்று தெரிந்துவிடும்' என்கிறது, எச்சிலில் உள்ள மரபணுக்களைச் சோதித்து மதிப்பெண் போடும் பரிசோதனை பற்றிய சென்ற இதழின் மருத்துவப் பகுதி. 'வராதா' என்பதையும் சேர்த்துக்கொண்ட துணிச்சலுக்குப் பாராட்டுகள்.

மரபணுக்கள் அப்படியே ஒன்றாக உள்ள ஒருகரு இரட்டையரில் ஒருவருக்கு முடக்குவாதம் எனும் மூட்டு வீக்க நோய் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்) இருந்தால், மற்றவருக்கும் இருப்பது நூற்றுக்குச் சுமார் 15 ஜோடிகளில்தான். 1993இல் பிரிட்டனில் வெளியான ஆய்வு, தாங்கள் அறியாததல்ல. மரபணுத் தொகுதி முழுவதும் ஒத்திருந்தே இவ்வளவுதான் என்றால், அதில் குறிகளாகப் பொறுக்கியெடுத்த சில மரபணு மாற்றங்களைக் கூட்டிய மதிப்பெண் எம்மாத்திரம்?

கூட்டும் முறை இது: ஒவ்வொரு மரபணு மாற்றத்துக்கும் ஓர் எடை, அதாவது அது ஆபத்தை எவ்வளவு கூட்டும் என்ற எண். ஒருவரிடம் அதன் பிரதி 0, 1, 2 என எத்தனை உண்டோ அதால் பெருக்கி மொத்தமாகக் கூட்டுவார்கள். எடைகள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கணித்தவை. அங்கே நோய்க்குக் காரணமான மாற்றத்தோடு சேர்ந்தே வரும் குறி, நம்மவர்களிடம் அதே அளவு சேர்ந்து வருவதில்லை. மதிப்பெண் பிசகுவது அங்கேதான். சரியாகவே கணித்து 'மூன்று மடங்கு ஆபத்து' என்று வந்தாலும், 200 பேரில் ஒருவருக்கு வரும் நோய் மூவருக்கு வரும், அவ்வளவே. மீதி 197 பேர் நடுங்கியது வீண்.

விரல் மூட்டுகள் வீங்கி, காலையில் ஒரு மணி நேரம் கை மடக்க முடியாதவருக்கு வேண்டியது ஆன்டி சிசிபி, ஆர்.ஏ. ஃபேக்டர், ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. என்னும் ரத்தப் பரிசோதனைகள். முடக்குவாதத்துக்கான 2010இன் சர்வதேச வரையறையில் இவற்றுக்கும், பாதித்த மூட்டுகளின் எண்ணிக்கைக்கும், அறிகுறிகள் ஆறு வாரம் நீடித்தனவா என்ற கணக்குக்கும் மதிப்பெண் உண்டு. மரபணுவுக்கு ஒன்றுகூட இல்லை. புகைப்பழக்கம் இந்நோயின் ஆபத்தைக் கூட்டும் என்ற ஒரு வரிக்கும் உங்கள் கட்டுரையில் இடமில்லை.

இடப்பற்றாக்குறை புதிதா என்ன? முடக்குவாதத்துக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் மாத்திரை பற்றி முன்பு எழுதியபோது 'வாரம் ஒருமுறை மட்டும்' என்பது விடுபட்டது. தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜை ஒடுங்கி உயிரே போகலாம். அப்போது அனுப்பிய மறுப்பு அச்சேறவில்லை. எச்.எல்.ஏ. பி27 என்ற மரபணு பற்றிய உங்கள் துணுக்கைப் படித்துவிட்டு, முதுகுவலியே இல்லாத பிள்ளைகளை லேபுக்கு இழுத்து வருகிறார்கள். அந்த மரபணு உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு முதுகெலும்பு வாதம் வருவதே இல்லை என்பதை யார் சொல்வது? மூட்டுத் தேய்மானத்துக்கும் முடக்குவாதத்துக்கும் அதே முழங்கால் படத்தைப் போடுவதைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

அடுத்த இதழில் அந்த வாக்கியத்தைத் திருத்தி, எந்த மக்களிடம் சோதித்த மதிப்பெண், அதிக மதிப்பெண் பெற்ற நூறு பேரில் எத்தனை பேருக்கு நோய் வந்தது என்ற இரு விவரங்களை வெளியிடுங்கள். நான்கு வரி போதும். எச்சில் பரிசோதனை விளம்பரத்தைக் கொஞ்சம் சுருக்கினால் இடம் கிடைக்கும்.

இப்படிக்கு,
மூட்டுவாத மருத்துவர் ஒருவர்,
மதுரை