பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் டீசலையும் சேர்க்கக் கோரும் மனு

அரசாங்க அதிபர் அவர்கள்,
மாவட்டச் செயலகம்,
மட்டக்களப்பு.

மதிப்புக்குரிய ஐயா/அம்மணி,

வேளாண்மைக்குரிய டீசலை ஏக்கர் கணக்கில் முன்கூட்டியே ஒதுக்கித் தருதல் தொடர்பாக

நாங்கள் உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை நம்பி வேளாண்மை செய்யும், வாவிக்கு மேற்குப் பக்கமான படுவான்கரை விவசாயிகள். ஒவ்வொரு போகத்துக்கும் முன்னர் ஆரம்பக் கூட்டம் நடக்கிறது. வாய்க்கால் திறக்கும் நாள், விதைப்பு முடிக்கும் நாள், வயல் வட்டையிலிருந்து மாடுகளை அகற்றும் நாள் எல்லாம் அங்கேதான் தீர்மானமாகின்றன. டீசலைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை, நாங்கள் உட்பட.

2022 சிறுபோகம் அதற்கான பாடத்தைத் தந்தது. 2021 டிசம்பரில் லீற்றர் 121 ரூபாவாக இருந்த டீசல், 2022 ஜூன் கடைசியில் 460 ரூபாவாகியது. காசு கொடுக்க ஆயத்தமாக இருந்தவருக்கும் கிடைக்கவில்லை. கதிர் முற்றி நிற்க, நாங்கள் வலையிறவுப் பாலம் தாண்டி நகரப் பக்கம் போய் இரவும் பகலும் கானோடு வரிசையில் கிடந்தோம். வெட்டு மெசின் வரப்பில் நின்றது. முற்றிய நெல்லுக்குத் தவணை கிடையாது, கொட்டுண்டு போகும். தாக்கத்தியால் வெட்டலாமே என்று அதிகாரி ஒருவர் கேட்டார். வெட்டலாம், ஆனால் வெட்ட ஆள் எங்கே? களவெட்டியில் எருமை கட்டிச் சூடு மிதித்த காலத்து எருமைகளும் எங்களிடம் இப்போது இல்லை.

பிறகு வந்த, கியூஆர் குறியைக் காட்டி அளவாக எரிபொருள் பெறும் முறை வரிசையைக் குறைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் அது வாகன இலக்கத்தைப் பார்த்துப் பங்கிட்டது. ஒரு உழவு மெசின் பலருடைய வயலை உழுகிறது. வெட்டு மெசின் வெளிமாவட்டத்திலிருந்தும் வருகிறது. வயலுக்குத் தேவையான டீசலை வண்டியின் இலக்கம் எப்படிச் சொல்லும்?

அந்த நெருக்கடி டொலர் இல்லாததால் வந்தது. அடுத்தது எண்ணெயே குறைவதால் வரலாம். பிரித்தானியாவின் வடகடல் எண்ணெய் உற்பத்தி 1999 இல் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கியது. கிணறு வற்றும்வரை காத்திருக்கத் தேவையில்லை, வரத்துக் குறைந்தாலே விலை ஏறும். ஏறினால் எங்களைப் போல முழுவதையும் இறக்குமதி செய்யும் நாடுதான் முதலில் தடுமாறும். யூரியாவும் இயற்கை வாயுவிலிருந்து செய்யப்படுவதால் உரமும் சேர்ந்து ஏறும். உரம் இல்லாத வயல் என்ன தரும் என்பதை 2021 இல் வந்த இரசாயன உரத் தடையின்போதே பார்த்துவிட்டோம். சோவியத் எண்ணெய் நின்றபோது கியூபா மீண்டும் எருதுகளைப் பூட்டியது. எங்களுக்கும் அந்த நிலை வந்தால் மாடு வேண்டும், மாட்டுக்குப் புல் வேண்டும். எங்கள் மாவட்டத்து மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சல் தரை பயிர்ச்செய்கைக்காகப் பிடிக்கப்பட்ட பிரச்சினையை இந்தக் கோணத்திலும் பார்க்குமாறு வேண்டுகிறோம்.

எனவே, வரும் பெரும்போக ஆரம்பக் கூட்டத்தில் டீசலை ஒரு தனி விடயமாக எடுக்க வேண்டும். உழவு தொடங்கி வெட்டு வரை ஓர் ஏக்கருக்கு எத்தனை லீற்றர் போகும் என்பதை மெசின்காரரைக் கேட்டாலே சொல்லிவிடுவார். அந்த அளவையும் கமநல சேவை நிலையத்தில் பதிந்துள்ள ஏக்கரையும் வைத்து, வண்டிக்கல்லாமல் வயல்காரரின் பெயரில் அட்டை வழங்கலாம். குத்தகைக்குச் செய்பவரை மறந்துவிட வேண்டாம், காணி உறுதி அவரிடம் இருக்காது. தட்டுப்பாடு வந்தால் படுவான்கரைப் பக்கமுள்ள ஒரு நிரப்பு நிலையத்தை விதைப்புக்கும் வெட்டுக்கும் என்று இப்போதே குறித்து வைக்க வேண்டும்.

இன்னொன்று. இங்கு விளையும் நெல் லொறியில் பொலன்னறுவை ஆலைகளுக்குப் போய், அரிசியாகத் திரும்பி எங்கள் கடைக்கே வருகிறது. போக வர எரியும் டீசலும் அரிசி விலையில்தான் ஏறுகிறது. இங்குள்ள சிறு ஆலைகளுக்குக் கடனும் நெல் சேமிக்க இடமும் கிடைக்க வழிசெய்ய வேண்டும்.

கூட்டத்துக்கு அழைப்பு வந்தால் எங்கள் வட்டையின் ஏக்கர் விபரத்தை வாய்க்கால் தண்ணீரைப் பங்கிடும் வட்டவிதானையின் கையொப்பத்துடன் கொண்டுவருவோம்.

இப்படிக்கு,
உன்னிச்சைக் குளத்தின் கீழுள்ள விவசாயிகள்,
படுவான்கரை.

பிரதி: உதவி ஆணையாளர், கமநல அபிவிருத்தித் திணைக்களம், மட்டக்களப்பு.