மாத்திரை கொடுத்த கணக்கு போதாது: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும் நிதித் துறைக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

அரசின் வருமானம் மக்கள் உடம்பில் போய்ச் சேர்ந்ததா என்பதைப் பிரசவ அறையில் பார்க்கலாம். உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்கு இறக்கும் தாய்மார் 2018-20இல் இந்தியாவில் 97 பேர், தமிழ்நாட்டில் 54. இது தானாக வந்ததல்ல. 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மருந்தை மொத்தமாக வாங்கி மாவட்டக் கிடங்குகளில் வைத்தது. ஒவ்வொரு மருத்துவமனைக்கும் பாஸ்புக் கொடுத்து, தேவைக்கேற்ப எடுத்துக்கொள்ளச் செய்தது. பணம் உயிராக மாறிய வழி அது.

அதே மாநிலத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்கிறது 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு. முந்தைய சுற்றில் சுமார் 55. விரல்நுனி ரத்தத்தில் எடுத்த கணக்கு சற்றுக் கூட்டிக் காட்டியிருக்கலாம். பாதியாகக் குறைத்தாலும் நாலு பெண்களில் ஒருவர். இவ்வளவு வளர்ந்த மாநிலத்துக்கு இது பொறுக்கக்கூடியதல்ல.

ரத்தசோகைக்கு மாத்திரை இல்லாமல் இல்லை. 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரை, கர்ப்பத்தின் நாலாம் மாதம் முதல் தினம் ஒன்றாக 180 நாளுக்குக் கிடைக்கிறது. கோளாறு அதற்குப் பிறகுதான். கால்சியமும் இரும்பும் ஒரே கவரில் போகின்றன. காலை டீயோடு இரண்டையும் சேர்த்து விழுங்குகிறார்கள். டீயும் கால்சியமும் இரும்பை உடம்பில் சேரவிடாது. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டுகிறது. மலம் கறுப்பாகப் போகிறது. இரும்பு சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் வீட்டில் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். பதிவேட்டில் மட்டும் 180 மாத்திரையும் கொடுத்தாயிற்று.

கவரைப் பிரியுங்கள். கால்சியம் காலையிலும் இரவிலும் சாப்பாட்டோடு. இரும்பு மதியம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்து, முடிந்தால் எலுமிச்சைச் சாறோடு. படிக்கத் தெரியாதவருக்கும் புரிய ஒரு கவரில் தட்டு, மற்றதில் எலுமிச்சை என்று படம் அச்சிடலாம். நூறு நாள் வேலைக்குப் போகிறவர் தூக்குச்சட்டியோடு மாத்திரையையும் எடுத்துப் போகும்படி கிராம சுகாதாரச் செவிலியர் சொல்ல வேண்டும். முதல் மூன்று மாதம் கழிந்ததும் ஒரு தடவை 400 மில்லிகிராம் அல்பெண்டசோல் பூச்சி மாத்திரை கொடுக்காவிட்டால், ரத்தம் உறிஞ்சும் கொக்கிப்புழு இருக்கும் வயிற்றில் ஒரு பக்கம் ஊற்றி மறுபக்கம் ஒழுகவிடுவதுதான்.

ரத்தசோகையைக் கண்டறிய விரல்நுனியில் ரத்தம் எடுக்கும் பரிசோதனையிலும் தவறு நடக்கிறது. ஸ்பிரிட் காயுமுன் குத்தக் கூடாது. முதல் சொட்டைத் துடைத்துவிட வேண்டும். ரத்தம் வரவில்லையென்று விரலைப் பிதுக்கினால் திசுநீர் கலந்து, ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின் அளவைக் குறைவாகக் காட்டும். அவசரத்தில் அதிகம் நடப்பது இதுதான். ஒரு செவிலியர் பக்கத்துக் காலியிடத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது அவசரம் எப்படி இல்லாமல் போகும்? அந்தக் காலியிடங்களை நிரப்பும் செலவைச் சம்பளச் சுமையாக எண்ணாதீர்கள் என்று நிதித் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.

ஒழுங்காகச் சாப்பிட்டால் ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் 100 மில்லி ரத்தத்துக்கு ஏறக்குறைய 1 கிராம் ஏற வேண்டும். ஏறாவிட்டால் இன்னொரு அட்டை மாத்திரை கொடுத்து அனுப்புவதில் பயனில்லை. காரணத்தைத் தேடி, தேவைப்பட்டால் ரத்தக்குழாய் வழியே இரும்பு ஏற்ற வேண்டும். எட்டாம் மாதத்தில் 7 கிராமுக்கும் கீழே இருக்கிறது என்று கண்டுபிடித்தால் எஞ்சியிருப்பது சில வாரங்களே.

ஆகவே மாதாந்திர அறிக்கையில் ஒரு பத்தியை மாற்றுங்கள். 'வழங்கிய மாத்திரைகள்' இருக்கும் இடத்தில், 'ஒரு மாதத்தில் 1 கிராம் ஏறிய தாய்மார் எத்தனை பேர், ஏறாதவர் எத்தனை பேர், அவர்களுக்கு என்ன செய்தோம்' என்று எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதார, ஊட்டச்சத்துப் பணியாளர்கள்