எலி மருந்தும் கூகைப் பெட்டியும்: தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு வணக்கம்.

மலேசியாவின் தெலுக் இந்தானில் கணக்கு டியூசன் எடுக்கிறவன் நான். என்னிடம் படிக்கும் பிள்ளைகள் பலரின் அப்பாவோ தாத்தாவோ உங்கள் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டியவர்கள். எலி விஷயத்தில் உங்கள் நடைமுறை கணக்குக்கு ஒத்துவரவில்லை என்று சொல்லத்தான் இந்த மடல்.

எலி தின்னும் கூகை ஆந்தைகள் கூடு வைக்கப் பெட்டிகளை நட்டது நீங்கள்தான், நல்ல காரியம். குஞ்சு வளர்க்கும் ஒரு ஜோடி ஆண்டுக்கு ஆயிரத்துக்கும் மேல் எலி பிடிக்கும். ஆனால் அதே மரங்களின் அடியில், எலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், தவணை தவறாமல் மெழுகுக் கட்டி மருந்தும் வைக்கிறீர்கள். அதுவும் பழைய வார்ஃபரின் இல்லை, அதைவிடக் கடுமையான புரோடிஃபாகூம். தின்ற எலி உடனே சாவதில்லை, சில நாள் தள்ளாடித் திரிகிறது. கூகைக்குச் சுலபமாக அகப்படுவதும் அதுதான். விஷம் கூகையின் ஈரலில் போய்த் தங்குகிறது.

இதற்கான கணக்கு ஒரு மீன் கதையில் தொடங்குகிறது. முதல் உலகப் போரின்போது ஏட்ரியாட்டிக் கடலில் மீன்பிடிப்பு குறைந்தது. அப்போது சந்தைக்கு வந்த மீன்களில், மற்ற மீன்களைத் தின்னும் சுறா வகைகளின் பங்கு கூடியிருந்ததை டி'அன்கோனா என்ற உயிரியலாளர் கவனித்தார். ஏன் என்று தன் மாமனாரும் கணித அறிஞருமான வோல்டெராவிடம் கேட்டார். 1926-இல் வோல்டெரா எழுதிய சமன்பாடுகள் அதற்குப் பதில் சொல்லின. லோட்கா என்பவரும் தனியாக அதே வடிவத்துக்கு வந்திருந்தார்.

அந்தச் சமன்பாடுகளில் இரை மீனுக்குப் பதில் எலியையும் சுறாவுக்குப் பதில் கூகையையும் வைத்துப் பாருங்கள். எலியின் சராசரி எண்ணிக்கையைத் தீர்மானிப்பது எலி எவ்வளவு வேகமாகக் குட்டி போடுகிறது என்பதல்ல. கூகையின் சாவு விகிதத்தை, எலியைப் பிடித்துத் தின்று குஞ்சாக மாற்றும் திறனால் வகுத்தால் வருவதுதான் அந்தச் சராசரி. உதாரணத்துக்கு, சாவு விகிதம் 0.5, திறன் 0.01 என்றால் எலி 50. மருந்து கூகையையும் கொன்று சாவு விகிதத்தை 0.6 ஆக்கினால் எலி 60! கூகையோ குறையும். மருந்து வைத்ததும் எலி குறைவது உண்மைதான், அதைத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். அப்புறம் ஏறுவது அடுத்த தவணைக்குக் காரணமாகிவிடுகிறது.

சரி, இது எளிய மாதிரிதான். பெட்டி போதாத இடத்தில் இப்படியே நடக்காது, பாம்பும் கீரியும் இதில் இல்லை. ஆனால் நம் நாட்டுச் செம்பனையே இதற்கு ஒரு சாட்சி வைத்திருக்கிறது. 1950களின் கடைசியிலும் 1960களின் தொடக்கத்திலும் கண்ணில் பட்ட பூச்சியையெல்லாம் கொல்லும் மருந்துகளை அடித்தார்கள். உலாட் புங்குஸ் எனும், ஓலையைத் தின்னும் கூட்டுப் புழுக்களைக் கட்டுக்குள் வைத்திருந்த ஒட்டுண்ணிக் குளவிகளும் அதில் செத்தன. புழு முன்பைவிட மோசமாகப் பெருகியது.

வார்ஃபரின் வேலை செய்யவில்லை என்பீர்கள். அதுவும் கணக்குதான். வார்ஃபரினைத் தாங்கும் எலிகள் 1958-லேயே ஸ்காட்லாந்தில் தென்பட்டன. ஆயிரத்தில் ஒரு எலி தாங்கும் என்று வையுங்கள், தாங்குவதற்குப் பிறப்பதும் தாங்கும் என்று வையுங்கள். மற்றவற்றில் பத்துக்கு ஒன்பது செத்தால், மூன்றே சுற்றில் ஏறக்குறைய பாதி எலிகள் தாங்குபவை. கடுமையான மருந்துக்கு மாறினாலும் இதே கணக்கு திரும்ப வரும். அப்போது காப்பாற்றக் கூகையும் இருக்காது.

மருந்தே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காலண்டரைப் பார்த்து வைக்காமல் மரத்தைப் பார்த்து வையுங்கள். நூறு மரத்தில் ஐந்துக்கு மேல் புதுக் கடி தெரிந்த பிளாக்கில் மட்டும் வைத்தால் போதும். பெட்டியில் குஞ்சு இருக்கும் மாதங்களில் அந்தப் பக்கம் புரோடிஃபாகூம் போகவே கூடாது.

எந்த பிளாக்கில் எப்போது மருந்து வைத்தீர்கள், எந்தப் பெட்டியில் கூகை இருந்தது என்ற பழைய பதிவேடுகள் உங்கள் ஆபீசில் இருக்கும். அவற்றைக் கொடுத்தால் என் படிவம் ஐந்து மாணவர்கள் வரைபடம் போட்டுத் தருவார்கள், காசு வேண்டாம். காலைப் பெரட்டு (ஆள் கணக்கெடுப்பு) முடிந்த பிறகு எந்த நாள் வரலாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு டியூசன் வாத்தியார்