லெபனான் சுரங்கமும் மேட்டுக்காடும்

தம்பிக்கு அப்பா எழுதுவது.

இங்கே எல்லோரும் சௌக்கியம். வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். போன் போட்டால் மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், அதனால்தான் கடிதம். நேரத்துக்குச் சாப்பிடு.

போன வருஷம் பென்சில்வேனியாவில் லெபனான் ஊரில் படகுக் கால்வாய் போகும் சுரங்கத்துக்குக் கூட்டிப்போனாயே, அதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். 729 அடி, வெடிமருந்து வைத்துப் பாறையைக் குடைந்திருக்கிறார்கள். முப்பது வருஷம் வாய்க்கால் கரையில் நடந்தவனுக்கு அங்கிருந்து கிளம்ப மனசே வரவில்லை. நீ காரிலேயே உட்கார்ந்து யாரிடமோ வட்டிக் கணக்குப் பேசிக்கொண்டிருந்தாய். நான் கேட்கவில்லை.

அங்கே ஸ்கூல்கில் நதியையும் சஸ்குவஹானா நதியையும் கால்வாய் வெட்டிச் சேர்க்க 1791இல் கம்பெனி போட்டார்கள். தலைவர் ராபர்ட் மோரிஸ், அமெரிக்கச் சுதந்திரப் போருக்கே பணம் புரட்டிக் கொடுத்த ஆள். இங்கிலாந்திலிருந்து வில்லியம் வெஸ்டன் என்ற எஞ்சினியரையும் வரவழைத்தார்கள். சில வருஷத்திலேயே பணம் தீர்ந்து வேலை நின்றது. மோரிஸ் அதோடு விட்டாரா? கடன்மேல் கடன் வாங்கி நிலமாகக் குவித்தார். 1798இல் கடன் கட்டாதவர்களை அடைக்கும் சிறைக்குப் போனவர் வெளியே வர மூன்றரை வருஷம். வாஷிங்டனே அங்கே போய் அவரோடு சாப்பிட்டாராம்.

லாட்டரி விற்றுப் பணம் சேர்த்து, நான் பார்த்த அந்தச் சுரங்கத்தோடு யூனியன் கால்வாய் என்ற பெயரில் முடிக்கும்போது 1828 ஆகிவிட்டது. அப்புறமும் நிம்மதி இல்லை. படகை ஏற்றி இறக்கும் லாக் என்கிற மதகுத் தொட்டியின் அகலம் எட்டரை அடிதான்; பக்கத்து ஸ்கூல்கில் கால்வாயில் ஓடிய பெரிய படகு நுழையாது. கஞ்சத்தனமாகக் கட்டியதைப் பின்னால் பெரிதாக்க வேண்டிவந்தது. சுண்ணாம்புப் பாறை வேறு, தண்ணீர் கசிந்து தரித்து நிற்காமல் போக, கால்வாய்க்குள் பலகை அடித்துப் பார்த்தார்கள்.

கசிவைக் கண்ட அன்றே சொல்லவில்லை என்று வாய்க்கால் காவல் பார்க்கும் லஸ்கர்களை எத்தனை திட்டியிருப்பேன். நான் சொன்னேனா? மேட்டுக்காட்டை உன் காலேஜ் பீஸுக்கு விற்றதாகத்தானே உனக்குத் தெரியும். பீஸுக்கு என் பி.எஃப். பணமே போதுமாக இருந்தது. போர்வெல் போடும் ரிக் வண்டியில் பங்கு போட்டு, அது நொடித்து, மூன்று வருஷம் வட்டிக்கு வட்டி கட்டினேன். அதற்குப் போனது அந்தக் காடு. உங்கம்மா இன்னமும் உன் படிப்புக்குப் போன நிலம் என்றே ஊரெல்லாம் பெருமை பேசுகிறாள். அந்தப் பாரத்தையும் சேர்த்து நீ சுமக்கிறாயோ என்று ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

கிணற்றோரம் ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. பத்திரம் என் பெட்டியில்தான்.

அம்மா ஒன்பது மணிக்குத் தூங்கிவிடுவாள். அதற்கப்புறம் போன் பண்ணு. நேரத்துக்குச் சாப்பிடு.

அப்பா